கள்ளத்தோணியின் பேரப்பிள்ளைகள்: முகாம்களில் பிறந்த தலைமுறையும் குடியுரிமைச் சட்டமும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள நல்லேப்பிள்ளி, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊராட்சி. எட்டே ஆண்டுகளுக்குள் இவ்வூரின் ஆட்சி முகவரி மும்முறை மாறியது. 1949 ஜூலை 1இல் கொச்சி அரசு மறைந்து திருவிதாங்கூர்-கொச்சி வந்தது. 1956 நவம்பர் 1இல் அது கேரளமாயிற்று. 1957 ஜனவரி 1இல் சித்தூர் வட்டம் திருச்சூரிலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய பாலக்காடு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. கிழக்கே சென்னை மாகாணத்தின் பொள்ளாச்சிப் பக்கம் வேறோர் ஆட்சி. நுணுகிப் பார்த்தால், 1947க்கு முன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்த நல்லேப்பிள்ளிக்காரரும் அச்சந்தையில் அவருக்கு மாடு விற்றவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்தினர் அல்லர். பொள்ளாச்சிக்காரர் பிரித்தானியக் குடி. சமஸ்தானத்து மனிதரோ பிரித்தானியப் பாதுகாப்புக்கு உட்பட்டவர் மட்டுமே. அந்த வேறுபாட்டை அவர்களில் எவரும் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. அறியவேண்டிய தேவையும் எழவில்லை.

எழாததற்குக் காரணம் ஒரு சட்டவாசகம். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 5ஆம் பிரிவு, இந்தியாவை வாழிடமாகக் கொண்டவர் இங்கே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தாலும், உடனடி முந்தைய ஐந்து ஆண்டுகள் இங்கே வழக்கமாகத் தங்கியிருந்தாலும் குடிமகன் என்றது. மூன்றில் ஒன்று போதும். விண்ணப்பம் இல்லை, கடைசி நாள் இல்லை, பாட்டனின் பிறப்புச் சான்று இல்லை. நல்லேப்பிள்ளியின் நெல்வயல்களில் கூலிவேலை செய்தவர்கள், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இன்றி, ஓர் இரவில் குடிமக்களாயினர். அப்படி ஒன்று நடந்ததை உணராமலேயே குடிமக்களாயினர் என்பதுதான் அச்சட்டத்தின் பெருமை.

கேரள எல்லையின் மற்றொரு முனையான இடுக்கி மலைகளிலும் இதுவே நடந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், போடிநாயக்கனூர் வழியாக மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் உழைப்பாளிகள் மூணாறுக்கு ஏறினர். அழைத்துச் சென்றவர் கங்காணி. தங்கவைத்த இடம் லயம். பிணைத்து வைத்தது முன்பணக் கடன். ஏறத்தாழ அதே காலத்தில், அதே சீமைகளிலிருந்து, அதே போன்ற கங்காணிகள் வேறொரு கூட்டத்தை மன்னார் வழியாக இலங்கையின் மாத்தளைக்கும் கண்டிக்கும் அட்டனுக்கும் அழைத்துச் சென்றுகொண்டிருந்தனர். அங்கே 1820களில் தொடங்கிய காப்பிப் பயிர் 1869க்குப் பின் இலைநோயால் அழிய, தேயிலை வந்தது. ஒரே ஊரில், ஒரே சேரியில் அண்ணன் மேற்கே மலையேறவும் தம்பி தெற்கே கடல் தாண்டவும் வாய்ப்பிருந்த காலம் அது. எந்தக் கங்காணி முதலில் வந்தார் என்பதைப் பொறுத்தே திசை அமைந்தது.

மூணாறுக்குப் போனவர் 1950இல் இருந்த இடத்திலேயே குடிமகனானார். தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு உரியவை என்று 1950களில் கடும் போராட்டம் நடந்தது. தமிழர் பெரும்பான்மையாக இருந்தும் அவ்வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அதன் மொழிக்கவலைகள் இன்றும் ஓயவில்லை. எனினும், கோடு எங்கே விழுந்தாலும் கோட்டின் எப்புறத்தவரும் நாடற்றவராகவில்லை. அட்டனுக்குப் போனவரின் கதை வேறு. 

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4இல். அவ்வாண்டு நவம்பர் 15இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும் தந்தையும் அங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று மெய்ப்பிக்கவேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவரின் பாட்டனுக்கு யார் சான்று எழுதிவைத்தார்? 1946 கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள் தொகையில் 11.7 விழுக்காட்டினராக, 7 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குமேல் இருந்த ஒரு சமூகம் இவ்வொரு கேள்வியால் குடியுரிமைக்கு வெளியே தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையும் பறித்தனர்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு குறுகிய கதவைத் திறந்தது. மணமாகாதவர் பத்தாண்டும் மணமானவர் ஏழாண்டும் இடையறாது தங்கியிருந்ததைக் காட்டி, இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஊருக்கு ஒரு கருமாதிக்குப் போய்வந்ததும் ‘இடையறவு’ ஆகக்கூடிய சட்டம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் அதைப் புறக்கணிக்கச் சொல்லிப் பின்னர் விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தத் தயக்கத்துக்கும் விலை இருந்தது. சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

எஞ்சியவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் அப்பெயராயிற்று. சட்டவிரோதமாகப் படகில் வந்திறங்கியவர் என்பது அதன் நேர்ப்பொருள். நடைமுறையில், நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவரின் மகனும் அட்டையின்றிக் கொழும்புத் தெருவில் நின்றால் கள்ளத்தோணி. சிங்களர் மட்டுமன்றி வடபுலத் தமிழரும் இச்சொல்லை இகழ்ச்சியாக ஆண்டனர். ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’ என்பவை அதன் உடன்பிறப்புகள். வசைச்சொற்களின் பொருள் வரலாற்றைத் தொகுப்பவர் ஒன்றைக் கவனிப்பார்: இவை மூன்றும் ஒருவரின் செயலைக் குறிக்கவில்லை, ‘நீ இவ்விடத்தவன் அல்லன்’ என்பதையே மூன்று விதமாகச் சொல்கின்றன.

இச்சட்டத்தை எதிர்த்து அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1949 டிசம்பரில் அவர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தால் நாளை வடகிழக்குத் தமிழரின் மொழிக்கும் அதுவே நேரும் என்பது அவர் கணிப்பு. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அது பொய்க்கவில்லை என்று தெரிந்தது.

நேரு காலத்து இந்தியாவின் நிலைப்பாடு தெளிவானது. அரசமைப்பின் 8ஆம் பிரிவின்படித் தாமாக விரும்பித் தூதரகத்தில் பதிந்தவர் இந்தியர், மற்றவர் இலங்கையின் பொறுப்பு. 1954இன் நேரு–கொத்தலாவல உடன்பாடும் இதை விட்டு நகரவில்லை. 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று பங்கிட்டனர். 1974இல் அந்த மிச்சத்தையும் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பாதியாக வெட்டிக்கொண்டனர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சௌமியமூர்த்தி தொண்டமான், சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமல் செய்த ஒப்பந்தம் இது என்று கண்டித்தார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மாடுகளின் எண்ணிக்கை எழுதுவார்கள். எந்த மாடு யாருக்கு என்பதை மாட்டிடம் கேட்பதில்லை. இங்கே நிகழ்ந்ததும் அத்தகையதே.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறை அது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. வந்திறங்கியோர் முதலில் தங்கியது மண்டபத்தில். அந்த முகாமின் வரலாறு தனியே எழுதத்தக்கது. தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில், தொற்றுநோய் இருக்கிறதா என்று கூலிகளை நிறுத்திச் சோதிப்பதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. அனுப்புவதற்காகக் கட்டிய கொட்டடிகள் 1960களின் இறுதியில் திரும்பி வந்தோரை ஏற்றன. 1983க்குப் பின் அதே இடம் அகதி முகாமாயிற்று. கொள்ளுப்பாட்டன் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் கொள்ளுப்பேரன் பிறந்து, ‘எங்கிருந்து வந்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறான்.

ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு இந்தியா செய்தவை குறைபாடுகள் உள்ளவையாயினும் மெய்யானவை. இங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துச் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் மறுவாழ்வு பெற்றனர். நீலகிரியில் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கேரளத்தில் மத்திய, மாநில அரசுகள் கூட்டாக 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தை அமைத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தின. இடுக்கியின் வண்டிப்பெரியாறு வழியாகச் செல்லும் கவியில், வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களுக்கும் அவர்கள் வந்தனர். இன்று கவிக்குச் சுற்றுலா போவோர் படகோட்டியின் தமிழில் மலையக ஓசையைக் கேட்கலாம். கூலி குறைவு, வீடு நிறுவனத்தினுடையது என்ற பழைய துயரங்கள் அங்கும் உண்டு. ஆனால் அவர்கள் குடிமக்கள். வாக்களிக்கிறார்கள். ஊராட்சித் தேர்தலில் நிற்க முடிகிறது.

வராதவர்கள் யார்? இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 5 லட்சத்து 6 ஆயிரம் பேர். அவர்களில் குடியுரிமை வழங்கப்பட்டும் கப்பலேற முடியாமல் நின்றவர்கள் மட்டும் சுமார் 84 ஆயிரம் பேர். 1984இல் கப்பல் நின்றது. அதற்கு முன்பே, 1977 வன்முறைக்குப் பின், மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் பலர். காந்தியம் இயக்கம் அவர்களை அங்கே குடியமர்த்தியது. போர் அங்கேயே வந்தது. 1983 ஜூலைக்குப் பின் படகேறி இந்தியா வந்த அகதிகளில் யாழ்ப்பாணத்தார், மன்னாரார், திருகோணமலையாரோடு இம்மலையகத்தாரும் கணிசமாக இருந்தமைக்குக் காரணம் இதுவே. 

ஆக, ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்த இரு குடும்பங்களை எண்ணிப்பார்க்கலாம். 1975இல் அட்டையோடு கப்பலேறிய குடும்பத்தின் பேத்தி இன்று புனலூரில் இந்தியக் குடிமகள். அடுத்த அறையில் தங்கிவிட்டு, 1990இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் படகேறிய குடும்பத்தின் பேத்தி முகாமில் ‘சட்டவிரோதக் குடியேறி’. பாட்டிகள் இருவரும் ஒரே கொழுந்துக்கூடையைப் பகிர்ந்திருக்கக் கூடும். பேத்திகளைப் பிரிப்பது வந்த ஆண்டும் ஏறிய கலமும் மட்டுமே.

1983 ஜூலை முதல் 2012 வரை இந்தியாவுக்கு வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. பெரும்பாலோர் திரும்பினர், சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும் முகாமுக்கு வெளியே, காவல்நிலையப் பதிவோடு, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் தங்கினர். இன்று அவர்களில் இளையோர் பலர் இலங்கையைக் கண்டதே இல்லை. இங்கே பிறந்து, இங்கே அரசுப் பள்ளியில் படித்து, இங்கேயே பட்டம் பெற்றவர்கள். பட்டத்துக்குப் பின் சுவர் தொடங்குகிறது. அரசுப் பணித் தேர்வு எழுத முடியாது. கடவுச்சீட்டு இல்லை. ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. பொறியியல் படித்தவர் சுண்ணாம்படிக்கும் வேலைக்குப் போவது முகாம்களில் அரிய காட்சி அன்று.

இவர்களைத் தடுப்பது மூன்று தேதிகளும் ஒரு சொல்லும். 1955 குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், குடிமகன். அத்தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக, அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்கவேண்டும். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லை 2003 திருத்தமே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. செல்லத்தக்க ஆவணமின்றி நுழைந்தவர் அனைவரும் அதில் அடங்குவர். அப்பெயர் ஒட்டிக்கொண்டால் பதிவு, இயல்புரிமை ஆகிய இரு வழிகளும் அடைபடும். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது கணக்கில் வராது. 1990இல் குண்டுக்கு நடுவே கடவுச்சீட்டு முத்திரை வாங்கி வந்தவர் எத்தனை பேர் என்று சட்டம் கேட்கவில்லை. கடல்வழி ஓடிவந்தவரைக் ‘கள்ளத்தோணி’ என்ற பழைய வசையின் சட்டமொழி பெயர்ப்பாகவே இது அமைந்துவிட்டது. ஐம்பதாண்டுக்கு முன் கொழும்பில் கேட்ட சொல்லைப் பேரப்பிள்ளைகள் டெல்லியின் மொழியில் கேட்கிறார்கள்.

முதல் தேதியின் நன்மையே பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தாம் பிறப்பால் இந்தியர் என்று வாதிட்டுக் கடவுச்சீட்டு கேட்டார். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பக்கம் நின்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். திபெத்தியர்களுக்கு 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே தருக்கத்தை ஏற்றிருந்தது. ஆனால் அப்பெண்ணின் தம்பி தங்கையர் 1987 ஜூலைக்குப் பின் பிறந்திருந்தால்? ஒரே தாய், ஒரே முகாம், ஒரே அறை. ஒருவர் குடிமகள், மற்றவர் அயலார்.

2019 ஜூன் 17இல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு இவ்விவாதத்தின் மைல்கல். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமை கேட்டு வந்திருந்தனர். சொல்லளவில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வரையறைக்குள் வந்தாலும், அவர்களின் வேர் இம்மண்ணில் இருப்பதையும் விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருப்பதையும் தீர்ப்பு சுட்டியது. புதிய விண்ணப்பங்களை ஏற்று 16 வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு பணித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லர் என்றது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. மதத்தை அளவுகோலாக்கியது தவறா சரியா என்ற பெருவிவாதம் ஒருபுறமிருக்க, முகாம் மக்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறித்தவர்களுமே. அந்த அளவுகோலின்படியும் அவர்கள் விடுபட்டதற்கு நேரான விளக்கம் கிடைக்கவில்லை.

2019 டிசம்பர் 31இல் கேரள சட்டமன்றமும் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் அத்திருத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றின. அதற்குச் சில நாட்கள் முன் தமிழ்நாடு அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, அகதி முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. ‘அகதி’ வடமொழியில் கதியற்றவர். அதற்கு மாற்றாகத் தனித்தமிழ் ஆர்வலர் தந்த ‘ஏதிலி’யோ பழைய இலக்கியங்களில் அயலாரைக் குறிக்கும் ‘ஏதிலார்’ என்பதன் உறவு. நல்லெண்ணத்தோடு தேர்ந்த சொல்லும் ‘நீ அந்நியன்’ என்றே முணுமுணுக்கிறது. ஆயினும் வீடும் உதவித்தொகையும் பெயரும் மாநிலத்தின் கையில், குடியுரிமை ஒன்றியத்தின் கையில்.

2025 செப்டம்பர் 1இல் ஒரு முக்கியமான நகர்வு நிகழ்ந்தது. புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தோடு வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களை, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அதாவது அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் அச்சொல் அப்படியே நிற்கிறது. தண்டனை இல்லை, உரிமையும் இல்லை என்ற இடைவெளியில் ஓர் இளைஞர் எத்தனை காலம் நிற்பது? அவ்வாண்டு மே மாதம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா உலகெங்கும் உள்ளவர்களைத் தங்கவைக்கும் தர்மசாலை அன்று என்று வாய்மொழியாகக் கூறியது பரவலாகப் பேசப்பட்டது. தர்மசாலைக்கு வழிப்போக்கர் வருவர். இங்கே பேசப்படுவது சாலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பற்றி.

‘ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள்’ என்ற அச்சம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இங்கே அதற்கு இடமில்லை, ஏனெனில் இது மூடிய பட்டியல். முகாம் பதிவேடு, கைரேகை, மாதாந்திர உதவித்தொகைக் கணக்கு என நாற்பதாண்டாக இவர்களைப் போல எண்ணப்பட்ட மக்கள் இந்தியாவில் வேறு யாரும் இருக்க இயலாது. 2015 ஜனவரி 9 என்ற எல்லையையும் அரசே வகுத்துவிட்டது. கூட்டாகக் குடியுரிமை தருவதும் புதிதன்று. 2015இல் நாடாளுமன்றம் அரசமைப்பின் 100ஆவது திருத்தத்தை ஒருமனதாக நிறைவேற்றி, வங்கதேச எல்லையில் சிக்கிக் கிடந்த நிலத்திட்டுகளை மாற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஜூலை 31 நள்ளிரவில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியக் குடிமக்களாயினர். 1950இல் நல்லேப்பிள்ளியில் நடந்ததை அது நினைவூட்டுகிறது.

அமெரிக்காவில், பெற்றோர் ஆவணமின்றி அழைத்துவந்த பிள்ளைகளுக்கு வழி திறக்கும் மசோதா 2001இல் அறிமுகமாகி இன்றுவரை சட்டமாகவில்லை. 2012இன் நிர்வாக ஆணை அவர்களை நாடுகடத்தலிலிருந்து தற்காலிகமாகக் காத்ததே தவிரக் குடியுரிமை தரவில்லை. விலக்கு ஆணைகளை நம்பி ஒரு தலைமுறை நடுவயதை எட்டிவிட முடியும் என்பதற்கு அது சான்று. எதிர்த்திசையில் இலங்கையே ஒரு முன்மாதிரி. 1948இல் பறித்த அந்நாடு 1986இலும் 1988இலும் படிப்படியாகத் திருத்திக்கொண்டது. 2003 அக்டோபரில், 1964 முதல் அங்கு வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. நடமாடும் பதிவு மையங்கள் வழியாக அவ்வாண்டின் இறுதியில் பத்தே நாட்களில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் குடிமக்களாயினர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிந்துள்ளது.

குடியுரிமை வந்தாலும் காகிதத்தின் கொடுமை முற்றிலும் ஒழியாது என்பதை இடுக்கித் தோட்டங்கள் நன்கறியும். அங்குள்ள தமிழ்ப் பட்டியல் சாதியினர் சான்றிதழ் பெற, குடும்பம் 1950க்கு முன்பே கேரளம் வந்ததை மெய்ப்பிக்கவேண்டும். வீடு கம்பெனியினுடையது, நிலம் கம்பெனியினுடையது, பட்டா எங்கிருந்து வரும்? தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜாவின் வெற்றியை 2023இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றபோது மதமாற்றக் கேள்வியோடு இக்குடியேற்றக் கேள்வியும் வழக்கில் இருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வெற்றியை மீட்டளித்தது. 1949 இலங்கைச் சட்டம் அட்டன் லயத்தில் கேட்ட கேள்வியின் சாயல் மூணாறு லயத்திலும் விழுகிறது. ஆகவே வரவிருக்கும் எந்தத் திருத்தமும் பாட்டனின் சான்றைக் கேட்காமல், அரசின் கையிலுள்ள முகாம் பதிவேட்டையே சான்றாக ஏற்கவேண்டும்.

திரும்பிச் செல்ல விரும்புவோரும் முகாம்களில் உள்ளனர். செல்வநாயகத்தின் மகன் சா. செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்ய நெடுங்காலம் உழைத்தது. ஊரும் நிலமும் அங்கே உள்ளோருக்கு அப்பதிவே திரும்பும் பாலம். எனவே குடியுரிமை விருப்பமாக இருக்கவேண்டும், சுமையாக அன்று. 1964இல் கேட்க மறந்த கேள்வியை இம்முறை தனித்தனியே ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். பிரிவு 2இன் விலக்கில் 2015 ஜனவரி 9 வரை பதிவுசெய்த இலங்கைத் தமிழரைச் சேர்ப்பது, இந்திய மண்ணில் பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் பதிவு வழியைத் திறப்பது, விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியரிடமே முடிப்பது: தேவை இவ்வளவே. மேற்கு எல்லை மாவட்டங்களின் ஆட்சியர்களுக்குப் பாகிஸ்தானிய இந்துக்கள் விஷயத்தில் இத்தகைய அதிகாரம் 2004இலேயே தரப்பட்டிருக்கிறது.

இதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. 11ஆம் பிரிவு குடியுரிமை பற்றிச் சட்டமியற்றும் முழு அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது, சாதாரணப் பெரும்பான்மை போதும். தனிநபர் மசோதாவாகவும் கொண்டுவரலாம். திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர் 2015இல் புகலிட மசோதா ஒன்றை அவ்வாறு முன்வைத்தார். நல்லேப்பிள்ளி வாக்காளர்கள் ஆலத்தூர்த் தொகுதிக்கும், மூணாறுத் தோட்ட மக்கள் இடுக்கித் தொகுதிக்கும், புனலூர் மறுவாழ்வுத் தோட்டத்தார் கொல்லத்துக்கும் உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். தம் வாக்காளர்களின் சொந்தபந்தங்கள் பாம்பன் பாலத்துக்கு அப்பாலும் இப்பாலும் முகாம்களில் இருப்பதை இம்மூவரும் மக்களவையில் எழுப்புவதற்கு எந்தக் கட்சிக் கொறடாவின் அனுமதியும் தேவையில்லை. கேள்வி நேரத்துக்கு ஒரு வினா, தனிநபர் அலுவலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை.